கோடை முடிவதற்குள் போர்வை முடியுமா? அவரவர் தையல் எங்கே நிற்கிறது, சொல்லுங்கள்

வைகைக்கரை | மே 2, இரவு 9:40

போன வருடமும் இதே மாதம் இப்படி ஓர் இழையை நான்தான் தொடங்கினேன், நான்தான் முதலில் காணாமலும் போனேன். தெரியும், யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். இந்த முறை ஒட்டுப்போர்வைக்குத் துணியை வெட்டியே விட்டேன், அதனால் தப்பிக்க வழியில்லை.

அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகள் ஏழு. 5 அங்குலச் சதுரமாக 208 துண்டுகள், 16க்கு 13 என்று கணக்கு. இரண்டு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் நாலரை, ஆகப் போர்வை 72க்கு 58½ வரும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. அம்மா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "நல்ல புடவையைக் கத்தரிக்கிறாளே" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு தொல்லை. ஒன்று, தரையில் துண்டுகளைப் பரப்பி நிறம் பார்த்து அடுக்கலாம் என்றால் ஃபேனைப் போட்டால் எல்லாம் பறக்கிறது, நிறுத்தினால் வியர்வை சொட்டி அதன்மேலேயே விழுகிறது. இரண்டாவது, முதல் ஏழு வரிசையும், இரண்டு ஓரத்திலும் தையலுக்கு விட்ட கால் அங்குலத்தையும் சேர்த்து, ஆளுக்கு 72½ அங்குலம் சரியாக வந்தன. எட்டாவதும் ஒன்பதாவதும் எழுபதரைதான் இருக்கின்றன. அதே துண்டு, அதே மெஷின். இரண்டு அங்குலம் எங்கே போனது?

தெருமுனை டெய்லரிடம் கேட்கலாமென்றால் சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரையில் யாரிடமும் கேட்க முடியாது. டெய்லர்கள் மீனாட்சி கோயில் முன்னால் புதுமண்டபத்தில் இருந்தபோதும் சரி, குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகும் சரி, அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பெல்லாம் முடிந்தால்தான் அங்கே தலையை நிமிர்த்துவார்கள்.

கத்திரிவெயில் | மே 2, இரவு 10:05

தலையணை உறை ஆறு வெட்டினேன். ஒன்று தைத்தேன். மெஷின் நின்றுவிட்டது. சக்கரத்தைக் கையால் தள்ளினாலும் அசையவில்லை. என் நிலவரம் அவ்வளவுதான்.

பெடல்தாத்தா | மே 3, காலை 5:50

வைகைக்கரை அம்மா, அந்த இரண்டு வரிசையை வேறு யாராவது தைத்தார்களா? யோசித்துப் பாருங்கள். எங்கள் பாஷையில் கால் அங்குலம் என்றால் இரண்டு நூல். தைத்தவர் ஒரு பக்கத்துக்கு அரை நூல் கூடுதலாகப் பிடித்திருந்தால் ஒரு தையலுக்கு ஒரு நூல் நஷ்டம். 16 துண்டைச் சேர்க்க 15 தையல். 15 நூல் என்றால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல்தான் குறைவு. உங்கள் இரண்டு அங்குலம் எங்கேயும் போகவில்லை, தையலுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கிறது.

முதலில் பிரித்துவிட்டு அப்புறம் தைக்காதீர்கள், துண்டு நகர்ந்துவிடும். பழைய தையலுக்கு வெளியே, சரியாகக் கால் அங்குலத்தில் புதுத் தையல் ஓட்டுங்கள். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் பழையதைப் பிரியுங்கள். துணி பிடித்த இடத்திலேயே இருக்கும்.

வைகைக்கரை | மே 3, காலை 7:15

ஐயா, நீங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தீர்களா? அந்த இரண்டு வரிசையும் தங்கச்சி தைத்தவை. லீவுக்கு வந்தவள், "தள்ளு, நான் முடிக்கிறேன்" என்று உட்கார்ந்தாள். கேட்டால் மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தின் ஓரத்தை வைத்தே ஓட்டினேன், பிளவுஸுக்கு அப்படித்தானே தைப்போம் என்கிறாள்.

பிட்டுத்துணி | மே 3, காலை 11:30

பாதத்தின் ஓரம் கால் அங்குலம் இல்லை, பெரும்பாலான மெஷின்களில் கூடுதலாகத்தான் இருக்கும். பிளவுஸில் அது தெரியாது, பக்கத்தில் விட்ட துணி சமாளித்துவிடும். ஒட்டுப்போர்வையில் சமாளிப்பே கிடையாது. ஊசியை இறக்கி, அதிலிருந்து வலது பக்கம் டேப்பால் கால் அங்குலம் அளந்து, அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பை நான்கைந்து அடுக்கு ஒட்டிவிடுங்கள். சின்னத் திண்ணை மாதிரி நிற்கும். துணியை அதில் உரசிக்கொண்டே விட்டால் யார் தைத்தாலும் ஒன்றுதான். இதற்கென்றே தனிப் பாதம் விற்கிறார்கள், அது வாங்கிய பிறகும் நான் டேப்பில்தான் தைக்கிறேன்.

ஃபேன் விஷயத்துக்குத் தரையை விட்டுவிடுங்கள். பழைய கம்பளியைச் சுவரில் நான்கு ஆணியில் மாட்டி, அதில் துண்டுகளைக் குண்டூசியால் குத்திப் பாருங்கள். கம்பளி என்பதால் பருத்தி தானாகவே கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், குண்டூசி காற்றுக்காக. எட்ட நின்று பார்த்தால் எந்தச் சிவப்பும் எந்தச் சிவப்பும் பக்கத்தில் வந்துவிட்டன என்பதும் தெரியும். குனிந்து தரையைப் பார்த்தால் தெரியாது, முதுகு வலிதான் தெரியும்.

நான் திருப்பூர். இங்கே கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும் என்று கேட்டு நிறையப் பேர் வாங்கிப் போகிறீர்கள், ஒன்று சொல்கிறேன்: அதில் பாதிக்கு மேல் பனியன் துணி. இழுத்தால் நீளும். புடவைத் துணியோடு சேர்த்துத் தைத்தால் ஒரு துவைப்பில் போர்வை அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். பனியன் துணியைத் தனியாக வைத்துக் கால்மிதி செய்யுங்கள்.

பெடல்தாத்தா | மே 3, மாலை 4:20

கத்திரிவெயில், கடைசியாக என்ன எண்ணெய் போட்டீர்கள்?

கத்திரிவெயில் | மே 3, மாலை 6:00

மெஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அதனால் தேங்காய் எண்ணெய். தப்பா?

பெடல்தாத்தா | மே 3, மாலை 6:10

தப்புதான். தேங்காய் எண்ணெய் தலைக்கு. மெஷினுக்குள் போனால் காய்ந்து பிசின் ஆகும், தூசியும் நூல் பஞ்சும் அதில் ஒட்டிக்கொண்டு இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி வாங்குங்கள். அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றி, அந்த இடத்தில் உள்ள பஞ்சைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்துவிட்டு, எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊற விடுங்கள். அப்புறம் நூல் கோக்காமல் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். கறுப்பாக வழியும், துடையுங்கள், மறுபடி விடுங்கள். பலத்தைக் காட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஓடத் தொடங்கியதும் வேண்டாத துணியில் பத்து நிமிடம் வெறுமனே ஓட்டிவிட்டுப் பிறகு உறையைத் தொடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய்க் கறை.

அப்படியே பாபின் கேஸையும் பார்த்துவிடுங்கள். நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்க விட்டால் அப்படியே நிற்க வேண்டும், கையை ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். கிடுகிடுவென்று இறங்கினால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். அந்தச் சின்னத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

சீலைக்காரி | மே 5, அதிகாலை 3:10

கனடாவில் இருந்து எழுதுகிறேன், நேரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வைகைக்கரை அக்கா, உள்ளுக்கு என்ன பஞ்சு வைக்கிறீர்கள்? இங்கே நாங்கள் எண்பது பங்கு பருத்தியும் இருபது பங்கு பொலியெஸ்டரும் கலந்த விரிப்பை வாங்கி நடுவில் வைப்போம், எத்தனை அங்குலத்துக்குள் தையல் ஓட வேண்டும் என்று அந்தப் பொதியிலேயே எழுதியிருக்கும். அது இல்லாவிட்டால் வெறும் இரட்டைத் துணிதானே, போர்வை என்று எப்படிச் சொல்வது?

வைகைக்கரை | மே 5, காலை 8:00

பஞ்சா, மதுரையிலா! நேற்று அக்னி நட்சத்திரம் வேறு தொடங்கிவிட்டது. அதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் காலையில் என்னைப் பிழிந்துதான் எடுக்க வேண்டும். மேலே ஒட்டு, நடுவில் மெல்லிய பழைய வாயில் புடவை ஒன்று, அடியில் அப்பாவின் வேட்டி, அவ்வளவுதான். மூன்று அடுக்கு.

சீலைக்காரி | மே 5, இரவு 11:45

சரி, விளங்கிச்சு. நான் இந்தக் குளிரை மனதில் வைத்துக் கேட்டுவிட்டேன். எங்கள் அம்மம்மாவும் பழைய சீலைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி ஓரம் தைத்துத்தான் குழந்தைப் பிள்ளைக்கு விரிப்பார். அதற்கு நாங்கள் ஒரு பெயரும் வைக்கவில்லை. இங்கே வந்து காசு கொடுத்துப் படித்த பிறகுதான் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தெரிந்தது.

பிட்டுத்துணி | மே 6, பகல் 12:20

இதைத்தான் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இணையத்தில் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, மீட்டர் மீட்டராகப் புதுத் துணி வாங்கி அதைச் சதுரமாக வெட்டி மறுபடி ஒட்டுவது எனக்குப் புரியவே இல்லை. கிழிந்ததும் மிச்சமானதும் வீணாகக் கூடாது என்றுதானே இந்த வேலையே தொடங்கியது? வங்காளத்துக் காந்தாவைப் பாருங்கள், பழைய புடவைகளை அடுக்கி, அதே புடவையின் கரையில் இருந்து உருவிய நூலாலேயே தைத்திருக்கிறார்கள். துணிக்கும் செலவில்லை, நூலுக்கும் செலவில்லை.

சீலைக்காரி | மே 6, இரவு 10:30

கோபிக்க வேண்டாம், ஆனால் நான் புதுத் துணிதான் வாங்குகிறேன், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. இங்கே என்னிடம் பழைய சீலை எங்கே இருக்கிறது? வரும்போது கொண்டுவந்தது மூன்று. அதை வெட்டச் சொல்கிறீர்களா?

ஒரு விஷயம் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர், ஆற்று வளைவுக்குள் இருக்கிறது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த காற்சட்டை, சட்டையை எல்லாம் வெட்டிக் குளிருக்குத் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள், 2006இல் அவற்றில் பத்தை அமெரிக்கத் தபால்தலையாகவும் அடித்தார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், ஒரு கோடுகூட நேராக இருக்காது. நான் ஒரு நூல், அரை நூல் என்று இரவில் நித்திரை இல்லாமல் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் படம்தான் என்னைக் காப்பாற்றியது.

தார்வாட்_மருமகள் | மே 7, மாலை 3:40

பிறந்த ஊர் சேலம், வாழ்க்கைப்பட்டது தார்வாட். இங்கே வடகர்நாடகத்தில் இதற்குக் கவுதி என்று பெயர், மாமியார் வீட்டுப் பரணில் அடுக்கடுக்காக இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது இங்கிருந்து மேற்கே, உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாபுரம், முண்டகோடு பக்கம் இருக்கும் சித்தி என்ற இனத்து மக்கள் தைப்பது. ஆப்பிரிக்காவில் இருந்து பல தலைமுறைக்கு முன்னே வந்தவர்கள். அவர்கள் அதைக் கவந்தி என்கிறார்கள்.

அதில் 208 துண்டும் கிடையாது, வரிசையும் கிடையாது, 72½ம் கிடையாது. அடிப்புடவையை விரித்து, ஒரு மூலையில் இருந்து தொடங்கி, ஓரத்தோடு ஓரமாகத் துண்டை மடித்து வைத்துக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி உள்ளே போவார்கள். அடுத்த துண்டு முந்தைய துண்டின் ஓரத்தை மூடும். ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே வேலை. கடைசியில் நடுவில் போய் முடியும். ஓரம் முதலிலேயே முடிந்துவிடுவதால் தனியாக ஓரப்பட்டி அடிக்கும் தொல்லையும் இல்லை. நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டை வைத்துத் தைப்பார்கள், பூலா என்று பெயர், பூ. அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம்.

போன கோடையில் தொட்டில் அளவுக்கு ஒன்று தைத்தேன், 36க்கு 45. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, கரண்டு இருக்கிறதா இல்லையா என்ற கவலையே இல்லாமல். பதினெட்டு நாள்.

மொட்டைமாடி | மே 9, காலை 9:00

ஐயோ. இதையும் கேளுங்கள். என் ஒட்டுப்போர்வையை எல்லாம் தைத்து முடித்து, நேற்று முதல் துவைப்பு. அரக்குச் சுங்குடி சாயம் விட்டு, வெள்ளை வேட்டி முழுக்க ரோஸ். கல் உப்பு ஒரு கை போட்டேன், அது போதவில்லை என்று வினிகரும் ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. துணி வாங்கிய கடையில் "சாயம் போகவே போகாதும்மா, கேரண்டி" என்றுதான் கொடுத்தார்கள். இப்போது மாடியில் காயப் போடப் போகிறேன்.

பிட்டுத்துணி | மே 9, காலை 9:04

காயப் போடாதே!! இஸ்திரியும் போடாதே. ஈரமாகவே இருக்கட்டும். பெரிய அண்டாவில் நிறையத் தண்ணீர், சோப்புத்தூள், துணி தாராளமாக மிதக்க வேண்டும். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். சிவப்பு வருவது நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இரு. விட்ட சாயம் தண்ணீரில் இருக்கும்போது விரட்டிவிடலாம், காய்ந்து உட்கார்ந்துவிட்டால் பாடு.

உப்பும் வினிகரும் எல்லார் வீட்டிலும் சொல்வதுதான், என் மாமியாரும் சொல்வார். எங்கள் ஊர் சாயப்பட்டறையில் உப்பு மூட்டை மூட்டையாகப் போகிறது, உண்மை. அது சாயம் ஏற்றும்போது சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுவதற்கு. ஏறாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சச் சாயத்தைப் பிறகு போட்ட உப்பு பிடித்து வைக்காது. வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்துக்கான சங்கதி, பருத்திக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

அடுத்த முறை வெட்டுவதற்கு முன் ஒரு மூலையை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார். கேரண்டி அங்கேயே தெரிந்துவிடும்.

மொட்டைமாடி | மே 10, இரவு 8:30

ஆறு தண்ணீர் மாற்றினேன் அக்கா. முக்கால்வாசி போய்விட்டது. ஒரு மூலையில் மட்டும் சாயங்கால வானம் மாதிரி இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் ஆறு அண்டா! அத்தனையும் செடிக்கும் ஊற்ற முடியாது. அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

கத்திரிவெயில் | மே 12, காலை 10:15

தாத்தா, மெஷின் ஓடுகிறது!!! மூன்றாவது நாள் அசைந்தது. கறுப்பாக வந்தது பார்த்தால் தார் ரோடு போடலாம் போலிருந்தது. ஆறு உறையும் முடிந்தன, ஏழாவதாக என் பெண் அவளுக்கு மஞ்சள் பை தைத்துக்கொண்டாள். ஏழாம் வகுப்பு போகிறாள். காடாத் துணியில் இரண்டு நேர்த்தையல், வாயை மடித்து ஒரு தையல், காது இரண்டு. ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. கைப்பிடி சேரும் இடத்தில் மட்டும் பெருக்கல் குறி போட்ட சதுரமாகத் தைக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் ஒரு கிலோ வெங்காயத்துக்குத் தாங்காது. இப்போது தெருவில் அவளுடைய கூட்டாளிகள் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். போர்வை என்று பெரிதாகத் தொடங்காமல் இப்படி முடிகிற வேலையாக எடுத்தது நல்லதாகப் போயிற்று.

வைகைக்கரை | மே 16, இரவு 10:50

13 வரிசையும் சேர்ந்துவிட்டன. தங்கச்சியின் இரண்டு வரிசையை ஐயா சொன்ன மாதிரியே, வெளியே தைத்து உள்ளே பிரித்தேன். பழைய ஊசித் துளைகள் தெரிந்தன, தண்ணீர் தெளித்து நகத்தால் தேய்த்து இஸ்திரி போட்டதும் மூடிக்கொண்டன.

இடையில் ஒரு பாடம். ஒன்பது துண்டுகள் இஸ்திரி போடும்போதே நைந்து போயின. எல்லாம் புடவையின் கீழ்க்கரைப் பக்கம், காலில் உரசும் இடம், அப்புறம் உட்காரும் இடம். இடுப்பில் சொருகும் உள்சுற்று மட்டும் கடையில் இருந்து வந்த மாதிரியே புதுசு, நிறம்கூட மங்கவில்லை. வெட்டுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். மாற்றுத் துண்டுகளைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிவிட்டு வெட்டினேன், என்ன ஒரு வித்தியாசம், கத்தரிக்கோல் காகிதத்தில் போகிற மாதிரி போனது.

பிட்டுத்துணி | மே 17, காலை 7:00

கஞ்சி போட்டதை முடித்த பிறகு நன்றாக அலசிவிடுங்கள். கஞ்சியோடு பெட்டிக்குள் வைத்தால் பூச்சிக்கு விருந்து.

வைகைக்கரை | மே 19, காலை 6:45

மொட்டை மாடியில் ஐந்தரைக்கே போய் மூன்று அடுக்கையும் விரித்தோம், வெயில் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று. வேட்டியை இழுத்துச் செங்கல் வைத்து, நடுவில் இருந்து ஓரத்தை நோக்கிக் கையளவுக்கு ஓர் ஊக்கு. வீட்டில் இருந்த ஊக்கு, அம்மாவின் தாலிச்சரட்டில் தொங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, எல்லாம் தீர்ந்து கடைசிப் பகுதிக்கு நீள நீளமாகக் கையால் டாக்கா, அதாவது பிறகு பிரிக்கிற தற்காலிகத் தையல், போட்டோம்.

இனி கைத்தையல். ஓர் அங்குலத்துக்கு ஓர் ஓட்டம் என்றால் 58 ஓட்டம், ஒவ்வொன்றும் 72 அங்குலம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 100 மீட்டருக்கு மேல். போடாமலே இருந்திருக்கலாம்.

தார்வாட்_மருமகள் | மே 19, மாலை 4:10

நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கிச் சிக்கி உயிரை வாங்கும். வியர்வைக் கைக்கு ஊசி வழுக்கும், துணியிலும் பிடிக்கும், அதற்கு என் மாமியார் ஊசியைத் தலைமுடியில் ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் குத்துவார். பெடல்தாத்தா மன்னிக்க, அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் செல்லும்.

பெடல்தாத்தா | மே 19, மாலை 5:00

அதைத்தானே சொன்னேன், தலைக்கு என்று.

வைகைக்கரை | ஜூன் 4, இரவு 9:20

58ம் முடிந்தது. நாளுக்கு நான்கு ஓட்டம் என்று பதினைந்து நாள், நடுவில் ஒரு நாள் கல்யாணம். இதில் பத்தொன்பது ஓட்டம் அம்மா போட்டது. முதல் வாரம் தள்ளி உட்கார்ந்து வெட்டிய புடவைகளைப் பேர் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தவர், ஒருநாள் "உன் தையல் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது, கால் விரல் மாட்டினால் கிழியும்" என்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டார். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் எங்கள் இருவர் ஓட்டத்தையும் பார்த்தால் யாருடையது எது என்று குழந்தைகூடச் சொல்லும்.

ஓரப்பட்டிதான் பாக்கி. எவ்வளவு துணி வேண்டும்?

பிட்டுத்துணி | ஜூன் 4, இரவு 9:50

சுற்றளவு 261, மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேருங்கள், 273. 45 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டியாக ஏழு வெட்டினால் பதினேழரை அங்குலம், அரை மீட்டர் போதும். நேர்ப்பட்டியே எடுங்கள், மூலைவாக்கில் வெட்டும் கிராஸ் பட்டி வளைவுக்குத்தான் வேண்டும், உங்களுடையது நேர் ஓரம். இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மேல்பக்கம் மெஷினில் அடித்து, பின்னால் திருப்பி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

வைகைக்கரை | ஜூன் 9, மதியம் 2:30

முடிந்தது. துவைத்துக் காய்ந்தும்விட்டது, மொட்டைமாடி பயமுறுத்தியதில் தனியாகத்தான் அலசினேன், லேசாகத்தான் சாயம் வந்தது. அளந்தால் 71க்கு 57½. துவைப்பிலும் கைத்தையல் இழுத்ததிலும் ஆளுக்கு ஓர் அங்குலம் போயிருக்கிறது.

படம் எடுத்துப் போடலாம் என்று போனேன், அம்மா அதை நான்காக மடித்துத் தரையில் விரித்து அதன்மேல் தூங்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பீரோவில் இருந்து எடுத்த இரண்டு புடவை. எழுப்பிக் கேட்டால் அடுத்ததற்காம், ஆனால் கத்தரிக்கோல் படக்கூடாதாம், முழுசாக அடுக்கித்தான் தைக்க வேண்டுமாம்.

ஆறு கெஜத்தை மூன்றாக மடித்தால் 72 அங்குலம் வருமில்லையா, அகலம் 46 அளவுக்கு இருக்கும்? ஒருவர் படுக்க அது போதுமா, இல்லை இரண்டு புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்க்க வேண்டுமா?

தார்வாட்_மருமகள் | ஜூன் 9, மாலை 3:15

ஒருவருக்குப் போதும்.